ஆபரேட்டர் அறையில் ஆள் இல்லாத காலம்

திரையரங்கின் பின்சுவருக்கு மேலே, பார்வையாளர் கண்ணில் படாத ஒரு சிறு அறையில் என் வாழ்க்கையின் 28 ஆண்டுகள் கழிந்தன. 1994இல், படம் ஓட்டும் ஆபரேட்டருக்கு உதவியாளனாக அந்த அறைக்குள் நுழைந்தேன். 2022இல் அரங்கு மூடப்பட்ட இரவில் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். திரையரங்குகளின் சரிவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் டிக்கெட் கவுன்டரில் நின்று கணக்குப் பார்க்கிறார்கள். நான் பார்த்த இடம் வேறு. கூட்டம் குறைவதற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே அந்தப் பின்னறையில் கவனம் குறையத் தொடங்கியதை அருகிலிருந்து பார்த்தேன். அதில் எனக்கும் பங்கு உண்டு. ஓடிடி வந்தது, தியேட்டர் போயிற்று என்ற ஒற்றை வரி விளக்கத்தை என்னால் முழுமையாக ஏற்க முடியாததற்குக் காரணம் அதுதான். வீட்டில் ஒரு படத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதையும் அந்த அறைதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது என்பதால் இரண்டையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

என்னைப் பழக்கியவர் என்னைவிட முப்பது வயது மூத்த ஆபரேட்டர். முதல் நாளே அவர் சொன்னார்: "தம்பி, மேல ஒரு ஆள் உட்கார்ந்திருக்கான்னு கீழ இருக்கிறவங்களுக்கு நினைப்பே வரக் கூடாது. யாராவது திரும்பி இந்த ஓட்டையைப் பார்த்தாங்கன்னா, நாம ஏதோ தப்புப் பண்ணிட்டோம்னு அர்த்தம்." அன்றைய 2,000 அடி ரீல் ஒன்று ஏறத்தாழ 22 நிமிடம் ஓடும், இரண்டு மணி நேரப் படம் என்றால் ஆறு ரீல்கள். அவற்றை இரண்டு புரொஜக்டர்களில் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். ரீல் முடியப் போகிறது என்பதைத் திரையின் வலது மேல் மூலையில் தோன்றி மறையும் ஒரு புள்ளி சொல்லும். அதைக் கண்டதும் அடுத்த புரொஜக்டரின் மோட்டாரை ஓட விட வேண்டும். ஏறத்தாழ ஏழு விநாடி கழித்து இரண்டாவது புள்ளி வரும்போது ஒன்றின் ஒளியை மூடி மற்றதன் ஒளியைத் திறக்க வேண்டும். பார்வையாளர்களில் பலர் வாழ்நாள் முழுவதும் அந்தப் புள்ளியைக் கவனித்ததே இல்லை. பிலிமின் தூசியைத் துடைப்பது, கிழிந்த துளை விளிம்பை ஒட்டுவது, விளக்கின் ஒளி திரை முழுவதும் சமமாக விழுகிறதா என்று பார்ப்பது, காட்சி தொடங்கிய பிறகு கீழே இறங்கிக் கடைசி வரிசையில் நின்று ஒலியைக் கேட்பது என்று அந்த அறையில் வேலை ஓயாது. ஓய்ந்து உட்கார்ந்தால் பெரியவர் ஒன்றும் சொல்லாமல் லென்ஸ் துடைக்கும் துணியை எடுத்துக் கையில் கொடுப்பார்.

2005இல் ஹாலிவுட்டின் பெரிய ஸ்டுடியோக்கள் சேர்ந்து டிஜிட்டல் சினிமாவுக்கான தொழில்நுட்ப வரையறையை வெளியிட்டன. திரையின் நடுவில் ஒளி, அதை அளக்கும் அலகில் 14 ஃபுட்-லாம்பர்ட், அதாவது சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா இருக்க வேண்டும், படத்தின் தரவு விநாடிக்கு 250 மெகாபிட் வரை போகலாம் என்றெல்லாம் அதில் துல்லியமாக வகுத்திருந்தார்கள். எங்கள் அரங்குக்கு 2011இல் டிஜிட்டல் வந்தது. மறு ஆண்டே ஃபியூஜிஃபிலிம் நிறுவனம் திரையிடல் பிரதிகளுக்கான பிலிம் தயாரிப்பை நிறுத்தப் போவதாக அறிவித்தது. பிலிம் பெட்டிகள் வந்த இடத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க் வந்தது. அதிலுள்ள படத்தைத் திறப்பதற்கு, குறிப்பிட்ட இயந்திரத்தில் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் செல்லுபடியாகும் டிஜிட்டல் சாவி ஒன்று தனியாக வந்தது. பிரதி எடுக்கும் செலவு மிச்சமானது விநியோகஸ்தர்களுக்கு; புது இயந்திரம் வாங்கும் செலவு விழுந்தது அரங்குகளின் தலையில். இந்த ஏற்றத்தாழ்வை ஈடுகட்டவே பல நாடுகளில் விநியோகஸ்தர்கள் படத்துக்கு இவ்வளவு என்று அரங்குகளுக்குச் சில ஆண்டுகள் கட்டணம் கொடுத்தார்கள். அந்த ஏற்பாடு காலாவதியான பிறகு பராமரிப்பு முழுவதும் அரங்கின் பொறுப்பாயிற்று.

நான் டிஜிட்டலைக் குறை சொல்லவில்லை. கீறலும் ஆட்டமும் இல்லாத அந்தப் படத்தை முதல் நாள் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சிதான். தவறு அதற்குப் பிறகு நடந்தது. பொத்தானை அழுத்தினால் படம் ஓடும் என்றால் அறையில் ஆள் எதற்கு என்று நிர்வாகம் கேட்டது. நான்கு பேர் இருந்த இடத்தில் நான் ஒருவன் மிஞ்சினேன். மூன்று திரைகளுக்கும் நானே பொறுப்பு, அதோடு வாசல் கதவும் குளிர்சாதனமும் என் பொறுப்பு. புரொஜக்டருக்கு ஒளி தரும் ஸெனான் விளக்கு பழசாகப் பழசாக ஒளி மங்கும் என்பது இந்தத் தொழிலில் யாவரும் அறிந்தது. அதற்கென்று குறித்த மணி நேரம் தாண்டியும் செலவைத் தள்ளிப்போட நாங்கள் அதை ஓட்டினோம். ஒருமுறை 3டி படத்துக்காகப் புரொஜக்டர் முன்னால் பொருத்திய கண்ணாடியை, அடுத்து வந்த சாதாரணப் படத்துக்குக் கழற்றாமலே ஒரு வாரம் ஓட்டிவிட்டேன். அந்தக் கண்ணாடி ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். இரவுக் காட்சிகளில் நடிகர்களின் முகமே தெரிந்திருக்காது. அந்த வாரம் முழுவதும் ஒருவர்கூடப் புகார் செய்யவில்லை என்பது என்னை இன்றும் உறுத்துகிறது. படம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக் கொண்டு எழுந்து போயிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்களோ தெரியாது.

ஒலியிலும் இதே கதைதான். திரைப்படத்தின் ஒலியைக் கலக்கும் கூடத்தில் வைத்துக் கேட்ட அதே அளவை அரங்கிலும் கேட்பதற்கென்று ஒலிக் கருவியில் ஒரு குறியீடு உண்டு. டால்பி கருவிகளில் அது 7. விளம்பரங்கள் காதைப் பிளக்கின்றன என்று யாரோ ஒருவர் வந்து சொல்வார். உடனே குமிழ் 5க்கு இறங்கும். விளம்பரம் முடிந்ததும் அதைத் திரும்ப ஏற்ற அறையில் ஆள் இருக்க மாட்டார். பிறகு முழுப் படமும் அந்த அளவிலேயே ஓடும். தாழ்ந்த குரலில் பேசும் வசனம் எதுவும் பின் வரிசைக்குப் போய்ச் சேராது. வசனம் புரியவில்லை என்று சொல்பவர்களைப் பார்த்து இக்காலத்து நடிகர்கள் வாய்க்குள் முணுமுணுக்கிறார்கள் என்று நாங்கள் பதில் சொன்னோம். அது ஓரளவு உண்மையாக இருந்தாலும், எங்கள் குமிழ் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

வீட்டுப் பெட்டியோடு திரையரங்கு மோதுவது இது முதல் தடவை அல்ல. எடிசனின் கினிடோஸ்கோப் 1894இல் நியூயார்க்கில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது ஒரு பெட்டியின் துளை வழியாக ஒவ்வொருவராகக் குனிந்துதான் படம் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பர் 28 அன்று பாரிஸ் கிராண்ட் கஃபேயில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு திரையில் படம் காட்டியபோது, தனித்தனியாகக் குனிந்தவர்கள் ஒன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கைபேசித் திரையில் காதுக்கருவி மாட்டிக் கொண்டு படம் பார்ப்பவரை எங்கே கண்டாலும் எனக்கு அந்தப் பழைய பெட்டி நினைவுக்கு வருகிறது. 1950களில் தொலைக்காட்சி பரவி அமெரிக்க அரங்குகள் காலியானபோது, 1953இல் சினிமாஸ்கோப் என்ற அகலத்திரையைக் கொண்டுவந்து பதில் சொன்னார்கள். 1970களின் பிற்பாதியில் விஎச்எஸ் வீடியோ கேசட் வந்தது. வீட்டில் நிகழ்ச்சியைப் பதிவு செய்து பிறகு பார்ப்பது சட்டவிரோதம் அல்ல என்று 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரங்குகள் அதையும் தாங்கின. அப்போதெல்லாம் வீட்டில் கிடைக்காத ஒன்றைத் திரையரங்கால் கொடுக்க முடிந்தது. 2007இல் நெட்ஃபிளிக்ஸ் இணையவழிப் படங்களைத் தொடங்கி, பின்னர் தொலைக்காட்சிகள் பெரிதாகி, இணையம் வேகம் பிடித்த அதே ஆண்டுகளில்தான் நாங்கள் விளக்கை மாற்றாமலும் குமிழை ஏற்றாமலும் இருந்தோம். வீடு மேலே ஏறிக் கொண்டிருந்தது. நாங்கள் கீழே இறங்கிக் கொண்டிருந்தோம்.

பணக் கணக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. வெளியார் பலருக்கு அது தெரிவதில்லை. டிக்கெட் பணத்தில் முதல் வாரத்தில் பெரும்பங்கு விநியோகஸ்தருக்குப் போகும். வாரங்கள் செல்லச் செல்ல அரங்கின் பங்கு உயரும் என்பது பல இடங்களில் நெடுநாள் வழக்கமாக இருந்த ஏற்பாடு. ஆகவே ஒரு படம் நின்று ஓடினால்தான் அரங்குக்கு வாழ்வு. இல்லாவிட்டால் நொறுக்குத் தீனி விற்றுத்தான் மின்கட்டணம் கட்ட வேண்டும். படம் அரங்கில் வெளியாகி வீட்டுக்கு வர ஹாலிவுட்டில் ஏறத்தாழ மூன்று மாத இடைவெளி இருந்தவரை இந்தக் கணக்கு நடந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் அது உடைந்தது. 2020 ஜூலையில் ஹாலிவுட்டின் யுனிவர்சல் நிறுவனமும் அமெரிக்காவின் ஏஎம்சி அரங்குத் தொடரும், வெளியாகி 17 நாட்கள் கழிந்ததும் படத்தை வீட்டில் கட்டணத்துக்குக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தம் செய்து கொண்டன. அந்த டிசம்பரில் வார்னர் நிறுவனம், 2021ஆம் ஆண்டின் தன் படங்கள் எல்லாம் அமெரிக்காவில் அரங்கிலும் தன் ஓடிடி தளத்திலும் ஒரே நாளில் வெளியாகும் என்று அறிவித்தது. 2019இல் உலக அளவில் ஏறத்தாழ 4,200 கோடி டாலராக இருந்த டிக்கெட் வசூல் 2020இல் ஏறத்தாழ 1,200 கோடியாகச் சரிந்தது. அரங்குகள் திறந்த பிறகு இடைவெளி ஓரளவு மீண்டும் நீண்டது. பல படங்களுக்கு அது 45 நாட்களை ஒட்டி நின்றது. ஆனால் கொஞ்ச நாள் பொறுத்தால் வீட்டிலேயே பார்க்கலாம் என்ற எண்ணம் மக்கள் மனத்தில் ஒரு முறை வேரூன்றிவிட்டது. நிதானமாக, வாய்மொழியாகக் கூட்டம் சேர்த்து ஐந்தாவது வாரத்தில் நிரம்பும் நடுத்தரப் படங்கள்தான் எங்களைப் போன்ற சிறிய அரங்குகளுக்குச் சோறு போட்டவை. முதலில் மறைந்தவையும் அவைதான்.

எங்கள் அரங்கின் கடைசிக் காட்சிக்கு நாற்பது பேர்கூட வரவில்லை. அன்று நான் புது விளக்கு ஒன்றைப் பொருத்தினேன். இருப்பில் கிடந்தது, இனி யாருக்கும் பயன்படப் போவதில்லை என்பதால் யாரும் தடுக்கவில்லை. ஒலியை 7இல் வைத்தேன். கீழே இறங்கிக் கடைசி வரிசையில் நின்றேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தத் திரை எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது. வெளியே வந்த ஒரு முதியவர் வாசலில் நின்ற என்னிடம், "இன்னிக்குப் படம் என்னமோ பளிச்சுன்னு இருந்துச்சுப்பா" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

வேலை போன பிறகு வீட்டில் நானும் ஓடிடியில் படம் பார்க்கத் தொடங்கினேன். முதல் மூன்று மாதங்களில் எத்தனை படங்களைத் தொடங்கினேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது. முழுமையாகப் பார்த்து முடித்தவை ஐந்தோ ஆறோதான். பத்து நிமிடத்தில் அலுப்பு வந்தால் வேறு படத்துக்குத் தாவுவேன். கைபேசி அழைத்தால் நிறுத்துவேன். தூக்கம் வந்தால் மறுநாளுக்கு ஒத்திவைப்பேன், மறுநாள் அதைத் தொடவே மாட்டேன். ஒரு நாளும் ரீலை நடுவில் நிறுத்தியிராத எனக்கு இது எப்படி வந்தது என்று யோசித்தபோதுதான் ஒன்று புரிந்தது. அரங்கில் இருட்டையும் நேரத்தையும் ஒலியையும் வேறு ஒருவர் பார்த்துக் கொண்டார். அதனால் பார்வையாளருக்குப் படத்தைத் தவிர வேறு வேலை இல்லை. வீட்டில் அந்த ஆள் இல்லை. ரிமோட்டைக் கையில் வைத்திருப்பவரே பார்வையாளராகவும் ஆபரேட்டராகவும் இருப்பதால் அவர் இரண்டு வேலையையும் அரைகுறையாகச் செய்கிறார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் படம் பார்க்கும் நாளில் ஒருவர் ஆபரேட்டர் என்று வைத்துக் கொண்டோம். முதலில் நான், இப்போது என் மகளும் முறை எடுத்துக் கொள்கிறாள்.

ஆபரேட்டரின் வேலை படம் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே ஆரம்பிக்கிறது. எதைப் பார்ப்பது என்பதை அந்த நேரத்தில் தேடக் கூடாது. இரண்டு நாள் முன்னதாகவே முடிவு செய்திருக்க வேண்டும். வரிசையாகப் படங்களைத் தள்ளிக் கொண்டே போய், ஒரு மணி நேரம் கழித்துக் களைத்துப் போய் எதையோ ஒன்றைப் போடுவது படம் பார்க்கும் மனநிலையையே தின்றுவிடுகிறது. தொடங்கும் நேரம் குறித்தால் அந்த நேரத்தில் தொடங்க வேண்டும். தாமதமாக வருகிறவருக்காகக் காத்திருக்கவும் கூடாது, பின்னால் ஓட்டிக் காட்டவும் கூடாது. இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் யாருக்காகவும் நிற்காமல் ஓடும் படத்தின் முன்னால்தான் மனிதர்கள் ஒழுங்காக உட்காருகிறார்கள் என்பதை 28 ஆண்டுகள் மேலிருந்து பார்த்திருக்கிறேன். கைபேசிகள் வேறு அறையில் இருக்க வேண்டும். மடியில் கவிழ்த்து வைத்த கைபேசியும் மனத்தின் ஒரு மூலையைப் பிடித்துக் கொண்டுதான் இருக்கும்.

தொலைக்காட்சி கடையில் இருந்து வரும்போது உள்ள அமைப்பில் படம் பார்க்காதீர்கள் என்பதை நான் யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன். கடையின் வெளிச்சத்தில் கண்ணைப் பறிப்பதற்காக நிறமும் ஒளியும் கூட்டி வைக்கப்பட்டிருக்கும். சினிமா என்றோ மூவி என்றோ பெயர் கொண்ட அமைப்புக்கு மாற்றினால் முதலில் படம் மஞ்சள் படிந்து மங்கலாகத் தெரியும். இரண்டு நாளில் கண் பழகிவிடும், தோலின் நிறம் தோலின் நிறமாகவே தெரியத் தொடங்கும். அதைவிட முக்கியமானது அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைப்பது. திரைப்படம் விநாடிக்கு 24 சட்டகங்களில், அதாவது ஃப்ரேம்களில், எடுக்கப்படுகிறது. தொலைக்காட்சி இடையிடையே தானாகவே புதிய சட்டகங்களை உருவாக்கிச் செருகும்போது, எவ்வளவு சிரத்தையாக எடுத்த காட்சியும் நாடகத் தொடர்போல ஆகிவிடுகிறது. நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் 2018இல் இதை அணைக்கச் சொல்லி ஒரு காணொளியே வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு, இவற்றை ஒரே பொத்தானில் அணைக்கும் ஃபிலிம்மேக்கர் மோட் என்ற அமைப்பு அறிவிக்கப்பட்டது. உங்கள் தொலைக்காட்சியில் அது இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம்.

உட்காரும் தூரமும் முக்கியம். பெரும்பாலான வீடுகளில் சோபா சுவரோடு ஒட்டிக் கிடக்கும்; திரை ஒரு சன்னல் அளவுக்குச் சிறுத்துத் தெரியும். திரையின் குறுக்களவைப்போல் ஒன்றரை மடங்கை ஒட்டிய தூரம் நல்ல தொடக்கம். 55 அங்குலத் திரை என்றால் இரண்டு மீட்டரைச் சற்றே தாண்டிய தூரம். படம் பார்க்கும் நாளில் மட்டும் நாற்காலியை முன்னே இழுத்துப் போடுங்கள். புதிதாகப் பெரிய தொலைக்காட்சி வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். அறை விளக்குகளை அணைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் ஒரு மங்கிய விளக்கு மட்டும் வைத்தால் கண் களைக்காது. திரையில் எந்த விளக்கின் பிம்பமும் விழக் கூடாது.

ஆனால் வீட்டில் மிகப் பெரிய குறை ஒலிதான்; செலவழிக்கக் கொஞ்சம் பணம் இருந்தால் அதைத் திரைக்கு அல்ல, ஒலிக்கே செலவழியுங்கள் என்பேன். மெல்லிய தொலைக்காட்சிகளின் ஒலிபெருக்கிகள் கீழ்நோக்கியோ சுவரை நோக்கியோ இருக்கின்றன. அரங்கில் வசனத்துக்கென்று திரையின் நடுவே பின்னால் தனி ஒலிபெருக்கி உண்டு; ஆறு தடங்களில் பிரித்துக் கலந்த அந்த ஒலியை இரண்டே சிறு ஒலிபெருக்கிகளில் அமுக்கும்போது வசனம் இசைக்குள் மூழ்கிவிடுகிறது. பழைய ஸ்டீரியோ ஒலிபெருக்கி இரண்டு வீட்டில் சும்மா இருந்தால் ஓர் ஆம்ப்ளிஃபையர் மூலம் அவற்றை இணைத்துத் திரையின் இருபுறமும் காது உயரத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் முதல் வசனத்திலேயே தெரியும். படம் அனுப்பும் கருவி அந்த ஆறு தடத்துக்கு அமைக்கப்பட்டு உங்களிடம் இரண்டு ஒலிபெருக்கி மட்டும் இருந்தால் வசனம் காணாமல் போகக் கூடும். அமைப்பில் ஸ்டீரியோ என்று மாற்றுங்கள். இரவில் ஒலியைக் குறைத்துப் பார்க்க வேண்டியிருந்தால் நைட் மோட் என்ற அமைப்பு உரத்த ஒலியைத் தாழ்த்தி மெல்லிய ஒலியை உயர்த்தும். படத்தின் ஒலி நயம் அதில் குறையும். இருந்தாலும் பக்கத்து அறையில் ஒருவர் தூங்கும்போது அதுதான் நியாயம்.

படத்தின் தரம் பற்றியும் ஒரு சொல். 4கே ஓடிடி படங்கள் விநாடிக்கு ஏறத்தாழ 15 முதல் 25 மெகாபிட் அளவில் வருகின்றன. 4கே புளூ-ரே தட்டில் அது 100ஐத் தாண்டவும் கூடும். சுருக்கும் முறைகள் வேறு வேறு என்பதால் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. ஆனால் பனிமூட்டமும் இருட்டும் புகையும் நிறைந்த காட்சிகளில் படம் கட்டம் கட்டமாகச் சிதறினால் காரணம் இந்தத் தரவுக் குறைவுதான். அன்றைக்கு மற்றவர்கள் பதிவிறக்கம் எதையும் நடத்தாமல் பார்த்துக் கொள்வதும், முடிந்தால் கம்பி வழியாக இணையத்தை இணைப்பதும் ஆபரேட்டரின் வேலை. கணினி உலாவி வழியாகப் பார்த்தால் சில தளங்கள் தரத்தைக் குறைத்தே அனுப்புகின்றன. தளத்தின் சொந்தச் செயலியைத் தொலைக்காட்சியில் பயன்படுத்துவது நல்லது. உயிருக்கு நெருக்கமான படம் என்றால் தட்டாக வாங்கி வைத்துக் கொள்ளுங்கள். உரிமக் காலம் முடிந்தால் படம் தளத்தை விட்டுப் போய்விடும். 2022லும் 2023லும் பெரிய தளங்கள் தாங்களே தயாரித்த படைப்புகளைக்கூட நீக்கியிருக்கின்றன.

இவ்வளவும் செய்த பிறகும் வீட்டில் ஒன்று கிடைக்கவில்லை. அறிமுகமில்லாத ஒருவர் இருட்டில் மூச்சை இழுத்துப் பிடிப்பது நமக்குக் கேட்கும்போது நம் மனத்தில் ஏற்படும் அசைவு அது. அதற்காக நண்பர்கள் சிலர் சேர்ந்து சென்ற ஆண்டிலிருந்து மாதம் ஒரு முறை ஒரு பொதுக்கூடத்தில் படம் திரையிடுகிறோம். தொடக்கத்தில் ஒரு பெரிய தவறு செய்ய இருந்தோம்: வீட்டு ஓடிடி கணக்கைக் கொண்டுவந்து கூடத்தில் ஓட்டிவிடலாம் என்று நினைத்தோம். தனிநபர் சந்தா என்பது வீட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே. கட்டணம் வாங்காவிட்டாலும் பொதுத் திரையிடலுக்குத் தனி உரிமம் வேண்டும். வாங்கிய தட்டுக்கும் இதே விதிதான். விசாரித்தபோது, பழைய படங்களுக்கும் சுயாதீனப் படங்களுக்கும் உரிமையாளரிடம் நேரடியாகக் கடிதம் எழுதினால் நாங்கள் அஞ்சியதைவிட எளிதாகவே அனுமதி கிடைத்தது. எழுதும்போது இருக்கைகளின் எண்ணிக்கை, தேதி, கட்டணம் வாங்குகிறீர்களா இல்லையா என்ற மூன்றையும் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். இவை இல்லாமல் போன எங்கள் முதல் இரண்டு கடிதங்களுக்கும் பதிலே வரவில்லை.

திரையரங்குகளையும் கைவிட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக் கொள்கிறேன். சரியாக நடத்தப்படும் அரங்குக்கு மக்கள் வருகிறார்கள். 2023 ஜூலையில் வெளியான ஓப்பன்ஹைமர் படத்தை உலகில் 30 அரங்குகள் 70மிமீ ஐமேக்ஸ் என்ற மிகப் பெரிய அளவுப் பிலிமில் ஓட்டின. சுருளின் நீளம் 11 மைல், எடை ஏறத்தாழ 270 கிலோ. அதைக் கையாளத் தெரிந்த ஆபரேட்டர் இல்லாமல் ஒரு காட்சியும் நடந்திருக்காது. அந்த அரங்குகளைத் தேடி மக்கள் தொலைதூரம் பயணம் செய்து வந்தார்கள். நியூயார்க்கின் பாரிஸ் தியேட்டரையும் ஹாலிவுட்டின் ஈஜிப்ஷியன் தியேட்டரையும் இன்று நடத்துவது நெட்ஃபிளிக்ஸ்தான் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓடிடி நிறுவனத்துக்கே அரங்கு தேவைப்படுகிறது.

ஆகவே அரங்குக்குப் போனால் நல்ல பார்வையாளராக இருப்பதோடு, கேட்பவராகவும் இருங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால், குவியம் (ஃபோகஸ்) தவறியிருந்தால், வசனம் கேட்காவிட்டால், முதல் ஐந்து நிமிடத்துக்குள் எழுந்து போய்ச் சொல்லுங்கள். படம் முடிந்த பிறகு சொல்வதால் அடுத்த காட்சிக்கு வேண்டுமானால் பயன் இருக்கலாம், உங்களுக்கு இல்லை. பணியாளரிடம் கோபப்படாமல், எந்தத் திரை, என்ன குறை என்று மட்டும் சொல்லுங்கள். "ஒலியைக் கொஞ்சம் ஏற்ற முடியுமா" என்ற ஒரு கேள்வி போதும். அன்று அந்த 3டி கண்ணாடி வாரத்தில் ஒருவர் மேலே ஏறி வந்திருந்தால் நான் அதை இரண்டு நிமிடத்தில் கழற்றியிருப்பேன். உட்காருவதற்கு அரங்கின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடுவரிசையைத் தேர்ந்தெடுங்கள். ஒலியைச் சரிபார்க்கும்போது நாங்கள் அளவு எடுக்கும் இடம் அதுதான்.

சென்ற மாதத் திரையிடலுக்கு நான் தாமதமாகத்தான் போக முடிந்தது. கூடத்தில் இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. நாங்கள் பழக்கிவரும் கல்லூரி மாணவி ஒருத்தி திரையில் ஒரு முகத்தை நிறுத்தி வைத்துக் கண்ணிமை மயிர் தனித்தனியாகத் தெரியும்வரை குவியத்தைத் திருப்பிக் கொண்டிருந்தாள். பிறகு படத்தை ஓட விட்டுவிட்டுக் கடைசி வரிசைவரை நடந்து வந்து, கண்ணை மூடிக் கொண்டு ஒரு நிமிடம் கேட்டாள். திரும்பிப் போய் ஒலியைச் சற்றே ஏற்றினாள். நான் வந்து நிற்பதை அவள் கவனிக்கவில்லை. சத்தம் செய்யாமல் நடுவரிசையில் ஓர் இருக்கையில் போய் உட்கார்ந்தேன்.